தாளிக்கக் கூடாத வீடு

ஒரு சித்திரை மாதம் மாரியாத்தா எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள். இப்படிச் சொன்னால் இப்போது என்னுடன் வேலை பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கே பாதி சிரிப்பு வருகிறது. ஆனால் அன்றைக்கு அடையாற்றங்கரையில் இருந்த எங்கள் வீட்டு வரிசையில் அதைச் சந்தேகப்பட்டவர் ஒருவர்கூடக் கிடையாது. தம்பியின் வயிற்றில் முதல் கொப்புளத்தைப் பார்த்ததும் அம்மா கையிலிருந்த ஈரத்துணியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வந்துட்டா" என்றாள். அது பயமா, சந்தோஷமா என்று அவள் முகத்தைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளி வந்து நிற்கும்போது வீட்டில் சர்க்கரை இல்லையென்றால் ஒரு முகம் வருமே, ஏறக்குறைய அந்த முகம்.

எனக்கு அப்போது எட்டு வயது. தம்பியை இன்னும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. எங்கள் வீடு ஒரே அறை. முன்கதவைத் திறந்தால் சந்து, பின்கதவைத் திறந்தால் ஆறு. நைனா ஆட்டோ ஓட்டினார். அம்மா மயிலாப்பூரில் ஒரு மாமி வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு துடைத்துவிட்டு வருவாள். அந்த வரிசை இப்போது இல்லை. எங்களையெல்லாம் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த அறையை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது பகல் நேரத்துக் கூரைதான். ஆற்றுத் தண்ணீரில் பட்ட வெயில் பின்கதவு வழியாக வந்து ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டின் அடியில் வலைபோல ஆடிக்கொண்டே இருக்கும். நான் பாயில் மல்லாந்து படுத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆத்தா வந்த வீட்டுக்கென்று சட்டங்கள் உண்டு. வாசலில் வேப்பிலை செருக வேண்டும். கறி, மீன் கிடையாது. யாரும் தலை வாரக் கூடாது. வெளியே போய்விட்டு வந்தால் கால் கழுவாமல் உள்ளே வரக் கூடாது. வீட்டில் சத்தம் போட்டுப் பேசக் கூடாது, திட்டக் கூடாது, யாரையும் அடிக்கக் கூடாது. இந்தக் கடைசிச் சட்டம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், தாளிக்கக் கூடாது. எண்ணெய் காய்கிற வாசனையும் கடுகு வெடிக்கிற சத்தமும் ஆத்தாவுக்கு ஆகவே ஆகாது. மூக்கைச் சுளித்தாள் என்றால் முடிந்தது. அதனால் அம்மா பருப்பை வேகவைத்து, உப்பைப் போட்டு, அப்படியே சோற்றில் ஊற்றினாள். அதைச் சாப்பிட்டுப் பார்த்தபோது ஆத்தா ஏன் சாதாரண நாட்களில் யார் வீட்டிலும் தங்குவதில்லை என்று எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது.

பக்கத்து வீட்டுப் பாயம்மாவும் தாளிப்பதை நிறுத்திவிட்டாள். பாயின் மனைவி என்பதால் வரிசையே அவளை அப்படித்தான் கூப்பிடும். அம்மா அவளைப் போய்க் கேட்கவில்லை, அவளாகவே வந்து வாசலில் நின்று சொன்னாள்.

"நடுவுல ஒரே ஒரு செவுருதான் கீது. எங்க வூட்டு வாசன ஒங்க ஆத்தாவுக்குத் தெரியாமலா போவும்? நீ ஒண்ணும் கவலப்படாத."

அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் பிரியாணி இல்லை. பாய் சாப்பிட்டுவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்தபோது அவர் முகம் அவ்வளவு வாடியிருந்து நான் பார்த்ததில்லை. 

மயிலாப்பூர் மாமிக்கு அம்மா போன் செய்தாள். போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிற பழக்கம் அம்மாவுக்கு. அதனால் மாமி பேசுவது எங்களுக்கும் கேட்கும். "அடடா, பாவமே! கொழந்தை என்னடி பண்ணித்து? எல்லாம் பூர்வ ஜென்ம கர்மா, நாம என்ன பண்ண முடியும் சொல்லு. நீ பாட்டுக்கு நிதானமா பாத்துண்டு, அவனுக்குத் தலைக்கு விட்டப்புறம் வா. இங்க ஆத்துல சின்னக் கொழந்தை இருக்கோன்னோ" என்றாள். போன ஜென்மத்தில் தம்பி என்னதான் செய்திருப்பான் என்று நான் வெகுநேரம் யோசித்தேன். இந்த ஜென்மத்தில் அவன் செய்த பாவங்கள் எனக்கு நன்றாகத் தெரியும். என் பென்சில் பெட்டியை ஆற்றில் போட்டது முக்கியமானது. அதற்கு இவ்வளவு கொப்புளம் அதிகமாகத்தான் பட்டது.

முதல் சில நாட்கள் தம்பி ராஜாவாக இருந்தான். ஆத்தா உடம்பில் இருக்கிறாள் என்றால் உடம்பே ஆத்தா. அவனிடம் யாரும் "டேய்" என்று பேசவில்லை. அம்மா அவன் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் மெல்ல வருடிக்கொடுத்து, "தாயே, கொஞ்சம் எளனி குடிக்கிறியாம்மா?" என்று கேட்பாள். அவன் ஒரு நாள்தான் புரியாமல் விழித்தான். மறுநாளே பிடித்துக்கொண்டான். "ஆத்தாவுக்கு நுங்கு வோணும்" என்றான். நைனா வெயிலில் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய் நுங்கு வாங்கி வந்தார். "ஆத்தாவுக்கு இவ விசிறணும்" என்றான். என் கை வலிக்கிற வரை விசிறினேன்.

"அது ஆத்தா இல்லம்மா, இவன்தான் கேக்குறான்" என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். அவன் பாயில் படுத்தபடி என்னைப் பார்த்துக் கொப்புளம் நிறைந்த முகத்தோடு சிரித்தான்.

எனக்குப் பொறாமைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். எனக்கும் கைக்குழந்தையாக இருக்கும்போது ஆத்தா வந்து போயிருக்கிறாளாம். சமத்தாக இரண்டு முத்து போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாளாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை. நுங்கு தின்றது கூட நினைவில்லை.

அந்தப் பகல்களில் வீடு அமைதியாக இருக்கும். வேப்பிலை வாசனையும் மஞ்சள் வாசனையும் ஆற்றின் அழுகல் வாசனையும் கலந்து தூக்கம் தூக்கமாக வரும். தாளிக்கிற சத்தம் இல்லாத, யாரும் யாரையும் திட்டாத, கனவில் இருப்பது போன்ற வீடு. கூரையில் ஆடும் வெளிச்சத்தை ஆத்தாவின் சேலை என்று நான் முடிவு செய்துவிட்டேன். அவள் கூரைக்குக் கீழே காலை நீட்டிப் படுத்திருக்கிறாள், அவளுக்கும் வியர்க்கிறது, முந்தானையால் விசிறிக்கொள்கிறாள். அரைத் தூக்கத்தில் இதெல்லாம் எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. ஒருமுறை அவள் கொட்டாவி விட்டதையும் பார்த்தேன்.

அம்மாவிடம் கேட்டேன். "ஆத்தா நல்லவதான? அப்புறம் ஏன் தம்பிக்கு எரிய வெக்குறா?"

அம்மா அதற்குப் பதில் வைத்திருந்தாள். "அவளுக்கே ஒடம்பு எரியுதுடீ. இந்த வெயில் அவளுக்கும்தான் தாங்கல. புடிச்ச வூடாப் பாத்து வந்து, கொஞ்சம் எளப்பாறிட்டுப் போறா."

"அந்தாண்ட பெரிய பங்களாவுல ஏசி கீது. அங்க போய் எளப்பாறலாம்ல?"

"அங்க போனா ஊசி போட்டுத் தொரத்திடுவாங்க."

"அப்ப நம்ப ஏன் தொரத்தக் கூடாது?"

மற்ற நாளாக இருந்தால் முதுகில் விழுந்திருக்கும். அம்மா கையை ஓங்கி, நினைவு வந்து, அந்தக் கையாலேயே மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பாயம்மா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தன் பங்குக்கு, "படைச்சவன் புடிச்சவங்களத்தான் சோதிப்பான் கண்ணு" என்றாள். அப்படியானால் பிடிக்காதவர்கள் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி மாதம் வந்தால் தீச்சட்டி ஏந்துகிறவர் நைனா. வேப்பிலை கட்டிக்கொண்டு, மஞ்சள் துணி உடுத்தி, கையில் நெருப்போடு தெருத்தெருவாக நடந்துவிட்டு வருவார். உள்ளங்கை கொப்பளித்திருக்கும், ஆனால் முகம் அவ்வளவு தெளிவாக இருக்கும். ஆட்டோவில் கண்ணாடிக்கு மேலே அம்மன் படம் வைத்துத் தினம் ஒரு முழம் பூ போடுவார். தம்பி படுத்ததும் அந்தப் பூவை நிறுத்திவிட்டார். ஒருநாள் சாயங்காலம் தம்பியின் பாயருகே உட்கார்ந்து, அவனிடமா அவளிடமா என்று தெரியாதபடி மெதுவாகக் கேட்டார். "நா ஒனக்கு இன்னா கொற வெச்சேன்?" தம்பி தூங்கிக்கொண்டிருந்தான்.

பிறகு தம்பி கேட்பதை நிறுத்தினான். நுங்கு வேண்டும் என்று சொல்லவில்லை. நான் விசிறாமல் இருந்தாலும் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தான். உடம்பு கொதித்தது. அம்மா, "ஆத்தா உக்கிரமா கீறா, எறங்கிடுவா" என்றாள். பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே நின்று கும்பிட்டுவிட்டு, "மூணாம் தண்ணி தலைக்கு ஊத்திட்டா சரியாப் பூடும்" என்றார்கள். டாக்டரிடம் போகலாமா என்று நைனா ஒருதரம் வாயெடுத்தார். அம்மா அவர் காலில் விழாத குறையாக வேண்டாம் என்றாள். ஆத்தா இருக்கும்போது ஊசி போட்டால் கண்ணைக் குத்திவிட்டுப் போய்விடுவாள் என்று அம்மாவுக்கு அவள் பிறந்த வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

நான் தம்பியின் பக்கத்தில் போய், "ஆத்தாவுக்கு இன்னா வோணும்?" என்று கேட்டேன். அவன் கேட்டால் எதுவானாலும் கொடுத்துவிடுவதாக இருந்தேன். என் ஸ்கேல், ஸ்டிக்கர் எல்லாம். அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அதை யோசனை என்று சொல்வதா, வீட்டில் கற்றுக்கொண்ட பாடம் என்று சொல்வதா? எங்கள் பெரியப்பா ஒருவர் வருடத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு நாள் என்று சொல்லிவிட்டு இரண்டு வாரம் இருப்பார். அம்மா முகம் கோணாமல் கவனிப்பாள். ஆனால் ஒரு கட்டத்துக்குமேல் மூன்று வேளையும் பாகற்காய் சமைப்பாள். பெரியப்பாவுக்குப் பாகற்காய் ஆகாது. இரண்டாவது நாள் பெட்டியைக் கட்டிவிடுவார். யாரும் யாரையும் போகச் சொல்லவில்லை, யாருக்கும் மனஸ்தாபமும் இல்லை. ஆத்தாவுக்கு என்ன ஆகாது என்று எங்கள் வரிசையில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

தண்ணி லாரி வந்தது. அம்மா குடங்களை எடுத்துக்கொண்டு சந்து முனைக்கு ஓடினாள். எப்படியும் திரும்பி வர நேரமாகும். நான் அடுப்பைப் பற்றவைத்தேன். வாணலியில் எண்ணெயை ஊற்றினேன். எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று தெரியாததால் நிறையவே ஊற்றிவிட்டேன். கூரையைப் பார்த்து, விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி மரியாதையாகத்தான் பேசினேன். "கோச்சிக்காத ஆத்தா. நீ வந்து நாளாச்சு. தம்பிக்கு முடியல. கௌம்பு" என்றேன். எண்ணெய் புகைந்ததும் ஒரு கை கடுகைப் போட்டேன். அது போதாதென்று டப்பாவிலிருந்த காய்ந்த மிளகாயையும் அள்ளிப் போட்டேன்.

கடுகு வெடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எத்தனையோ நாளாக அந்த வீட்டில் கேட்காத சத்தம் அது. மிளகாய் கருகி, புகை எழுந்து, கூரையில் ஆடிக்கொண்டிருந்த வெளிச்சம் மறைந்துபோனது. அவள் எழுந்துவிட்டாள் என்றே நினைத்தேன். எனக்குக் கண் எரிந்து நீர் கொட்டியது, ஆனால் சந்தோஷமாக இருந்தது. அப்போது தம்பி இருமினான். ஒரு இருமல், அதன் மேல் ஒரு இருமல், நடுவில் மூச்சுக்கு இடமே இல்லாத இருமல். நான் வாணலியைக் கீழே போட்டேன்.

முதலில் ஓடி வந்தவள் பாயம்மா. அடுத்து, குடத்தை இடுப்பிலிருந்து நழுவ விட்டபடி அம்மா. அம்மா என்னைப் பார்த்தாள், வாணலியைப் பார்த்தாள், எல்லாம் புரிந்துவிட்டது. அவள் என்னை அடிக்கவில்லை. தம்பியின் காலடியில் குப்புற விழுந்து, "கொழந்த தெரியாம பண்ணிட்டா தாயே, எங்கள மன்னிச்சிடு தாயே" என்று தரையில் தலையை முட்டிக்கொண்டாள். பாயம்மா அதற்குள் தம்பியைத் தூக்கி மடியில் சாய்த்துக்கொண்டிருந்தாள். அவன் விலாவைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று கத்தினாள்.

"எம்மா, எந்திரி! அப்பறம் கும்பிடு. புள்ளைக்கு எப்புடி மூச்சு வாங்குது பாரு. ஒதடு கறுக்குது. அவருக்குப் போன் போடு!"

நைனா வந்தார். உடம்பில் ஒட்டிய வேப்பிலையோடு தம்பியை அள்ளிக்கொண்டு போய் ஆட்டோவில் அம்மாவின் மடியில் கிடத்தினார். நானும் ஏறிக்கொண்டேன், யாரும் என்னை இறங்கச் சொல்லவில்லை. வழியெல்லாம் அம்மா முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா தம்பியின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். சின்னம்மைதான், ஆனால் நுரையீரலில் சளி கட்டிக்கொண்டுவிட்டது, இரண்டு மூன்று நாளாகவே இருந்திருக்கும், நல்லவேளை இப்போதாவது கொண்டுவந்தீர்கள் என்றார். உடனே மூக்கில் குழாய் வைத்தார்கள், கையில் ஊசி ஏற்றினார்கள். அம்மா ஒவ்வொரு ஊசிக்கும் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. அம்மாவைக் கேட்டால், நான் தாளித்ததால் ஆத்தா கோபித்துக்கொண்டாள், அதனால்தான் மூச்சு முட்டியது. நைனாவைக் கேட்டால், நான் தாளித்ததால்தான் இருமல் வந்தது, இருமல் வந்ததால்தான் அவனைப் பார்த்தார்கள், பார்த்ததால்தான் பிழைக்கப்போகிறான். ஒரே தாளிப்புக்கு ஒருவர் முறைத்தார், ஒருவர் ஆட்டோவில் போகும்போது எனக்குக் கமர்கட் வாங்கிக் கொடுத்தார். நான் நல்லது செய்தேனா, கெட்டது செய்தேனா என்று எனக்கே தெரியவில்லை. கமர்கட்டை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அம்மைக்குத் தனி வார்டு. எனக்கு ஏற்கெனவே வந்து போய்விட்டதால் வராந்தா வரை என்னை விட்டார்கள். மத்தியானம் நைனாவோடு சாப்பாட்டுப் பை எடுத்துக்கொண்டு போவேன். ஜன்னல் கம்பி வழியாகத் தம்பி தெரிவான். அவனுக்கு அடுத்த கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தாள், என்னைவிடக் கொஞ்சம் சின்னவள். அவள் கொட்டிவாக்கத்திலிருந்து வந்திருந்தாள். வாராத தலைமுடி சிக்குப் பிடித்து நின்றது. என்னைப் பார்த்தால் நாக்கைத் துருத்துவாள், நானும் துருத்துவேன். அதற்குமேல் எங்களுக்குள் பேச்சு இல்லை.

அவள் அம்மாவும் என் அம்மாவும் இரண்டே நாளில் சிநேகிதமாகிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிட்டேன். ஒரே டப்பாவில் இட்லி சாப்பிட்டார்கள், ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தார்கள். அத்தை தன் வீட்டில் எப்படியெல்லாம் ஆத்தாவைப் பார்த்துக்கொண்டாள் என்று சொல்வாள். கால் கழுவாமல் ஒருவரை உள்ளே விடவில்லை, வேப்பிலை வாட விடவில்லை, கடலுக்குப் போகிற அவள் வீட்டுக்காரர் மீன் வாடை படக் கூடாதென்று வெளியிலேயே படுத்துக்கொண்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு கேட்பாள். எங்கள் வீட்டில் நடந்ததைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. வெட்கம் ஒரு பக்கம், வார்டுக்குள் சொன்னால் ஆத்தாவுக்கு மறுபடியும் நினைவுபடுத்தின மாதிரி ஆகிவிடும் என்ற பயம் ஒரு பக்கம்.

தம்பி தேற ஆரம்பித்தான். "எனக்கு நுங்கு வோணும்" என்றான். ஆத்தாவுக்கு என்று சொல்லவில்லை, எனக்கு என்று சொன்னான். அதைக் கேட்டு நைனா வராந்தாவில் நின்று அழுதார்.

மறுநாள் மத்தியானம் நாங்கள் போனபோது அந்தக் கட்டில் காலியாக இருந்தது. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். நான் நாக்கைத் துருத்தத் தயாராக வந்திருந்தேன். அத்தை வராந்தாவில் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் உள்ளே கையெழுத்துப் போடப் போயிருந்தார். என் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். அத்தை அழவில்லை. எதிரே மரத்தடியில் யாரோ துணி காயப்போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நைனா என்னிடம் மெதுவாகச் சொன்னார், அந்தப் பாப்பா சாமிகிட்ட போய்விட்டது என்று. எந்தச் சாமிகிட்ட என்று நான் கேட்கவில்லை, தெரிந்ததுதானே.

ஆனால் கணக்கு இடித்தது. தாளித்தது நான். அவர்கள் வீட்டில் எல்லாச் சட்டமும் ஒழுங்காக நடந்தது. தம்பி இங்கே நுங்கு கேட்கிறான், அவளைக் காணோம். எங்கேயோ ஏதோ விட்டுப்போயிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் விடை தப்பாக வந்தால் திரும்பப் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். நான் அத்தையின் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்து கேட்டேன்.

"அத்த, ஒங்க வூட்ல யார்னா தாளிச்சாங்களா?"

அம்மா என் வாயைப் பொத்தக் கையை நீட்டினாள். அதற்குள் கேட்டாகிவிட்டது. அத்தை என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. நான் கேட்டது மிகவும் நியாயமான கேள்வி என்பதுபோல யோசித்தாள்.

"இல்லியே கண்ணு" என்றாள். "அடுப்பே சரியாப் பத்த வெக்கிலியே. கஞ்சிதான் வெச்சேன்." பிறகு கண் இங்குமங்கும் அலைந்தது. "அப்பளம்" என்றாள்.

என் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"பெரியவன் சோறு எறங்கலன்னு அழுதான். ஒரே ஒரு அப்பளம்தான். வெளிய, பின்னாடி வெச்சுதான் பொரிச்சேன். காத்து உள்ள அடிச்சிருக்கும்." தலையை மெல்ல ஆட்டிக்கொண்டாள். "அதான். அந்த அப்பளந்தான்."

அவள் முகம் தெளிந்துவிட்டது. எதையோ வெகுநேரமாகத் தேடிக் கண்டுபிடித்தவள் முகம். எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஆத்தா காரணமில்லாமல் எதையும் செய்யமாட்டாள், நான்தான் அவசரப்பட்டுச் சந்தேகப்பட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது அம்மா பேசினாள்.

"இல்லக்கா. அப்டி சொல்லாத." அத்தையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "எங்க வூட்ல இவ மொளகாயே தாளிச்சாக்கா. அவன் படுத்துகினு இருக்க சொல்ல, வூடு முழுக்கப் பொக. உள்ள பாரு, உக்காந்துகினு இட்லி துன்றான். தாளிக்கிறதுல ஒண்ணும் இல்லக்கா. அதெல்லாம் சும்மா சொல்றது. நீ ஒண்ணும் பண்ணல. ஒம் மேல ஒரு தப்பும் இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அந்தத் தாளிப்புக்காகக் காலையும் மாலையும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தவள் என் அம்மா. தலையணைக்குக் கீழே வேப்பிலை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறவள். சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி இன்னும் எழுந்து நடக்கக்கூட இல்லை. ஆத்தா கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள் என்று அம்மா முழுசாக நம்பினாள். கேட்டால் என்ன செய்வாள் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அதைச் சத்தமாகச் சொன்னாள்.

அத்தை அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப எதுக்குக்கா?"

அம்மா வாயைத் திறந்தாள். எரியுது, எளப்பாற வந்தா, புடிச்ச வூடு, எவ்வளவோ பதில் வைத்திருந்த அம்மா. ஒன்றும் வரவில்லை. அத்தை அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "சொல்லு, அப்ப எதுக்கு? எம் பொண்ண எதுக்கு?" என்று கேட்டாள். அதற்கப்புறம்தான் அழ ஆரம்பித்தாள். அப்படி ஒரு அழுகையை அதற்குமுன் நான் கேட்டதில்லை. வார்டுக்குள் இருந்த நர்ஸ்கள் வெளியே ஓடி வந்தார்கள். அம்மா அவளை மார்போடு கட்டிக்கொண்டு தானும் அழுதாள். நைனா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆட்டோவுக்கு வந்துவிட்டார்.

வரும் வழியில் எனக்கு அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது. "அத்த அழாமதான் நைனா இருந்தாங்க. அம்மாதான் இன்னாத்தையோ சொல்லி அழ வெச்சிட்டா" என்றேன். கண்ணாடிக்கு மேலே பூவில்லாத படம் இருந்தது, அதை நைனா பார்க்கவில்லை, சாலையையே பார்த்து ஓட்டினார். அம்மா அன்றைக்கு எதைப் பணயம் வைத்து யாருக்கு என்ன கொடுக்கப் பார்த்தாள், அது ஏன் அப்படி முடிந்தது என்று யோசிக்க எனக்கே ஒரு பிள்ளை பிறந்து, அதற்கு ஒரு காய்ச்சல் வரவேண்டியிருந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தைக்குக் காரணம் கிடைத்துவிட்டது, அதை அம்மா பிடுங்கிவிட்டாள், ஆத்தாவையும் எடுத்தெறிந்து பேசிவிட்டாள் என்பதுதான். ஆட்டோவின் பின்சீட்டில் யாருக்கும் தெரியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டு, எங்கள் அம்மா தெரியாமல் பேசிவிட்டாள், அவளை மன்னித்துவிடு என்று நான் ஆத்தாவிடம் கேட்டுக்கொண்டேன்.